அத்தையும் வரட்டும், பிள்ளைகளும் சறுக்கட்டும்

கேள்வி: மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். நான், கணவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், ஏழு வயது மகன், 68 வயது மாமியார் என ஐந்து பேர். பனிச்சறுக்கு விளையாட வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு இரண்டு வருட ஆசை. அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் 26 முதல் 31 வரை காஷ்மீர் போய்வர ஒரு ஏஜென்ட் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஸ்ரீநகரில் மூன்று இரவு, பஹல்காமில் இரண்டு இரவு, நடுவில் குல்மார்க்குக்கு ஒரு நாள், சோன்மார்க்குக்கு ஒரு நாள். அந்த ஒரு நாளிலேயே ஸ்கீயிங் முடித்துவிடலாம் என்கிறார். அத்தைக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்கிறார். "நான் வீட்டுலயே இருந்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. கூட்டிப்போகவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அன்புச் சகோதரி, அந்தத் திட்டத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஐந்து இரவுக்குள் மூன்று மலை. பாதிப் பொழுது காரிலேயே போய்விடும். இதில் உங்கள் பிள்ளைகள் ஸ்கீ கற்றுக்கொள்ளப் போவதில்லை. அத்தைக்கும் இந்த ஓட்டம் ஆகாது. பஹல்காமையும் சோன்மார்க்கையும் இந்த முறை எடுத்துவிடுங்கள். குல்மார்க்கிலேயே நான்கு இரவு தங்குங்கள். அப்படிச் செய்தால் பிள்ளைகள் உண்மையிலேயே சறுக்கக் கற்றுக்கொள்வார்கள், அத்தையும் உங்களோடு வரலாம். நீங்கள் கேட்ட இரண்டு கவலைக்கும் மருந்து ஒன்றுதான்.

ஒரு நாள் குல்மார்க் எப்படிக் கழியும் என்று சொல்கிறேன். ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். காலை எட்டரைக்குக் கிளம்பினால் பத்து மணி வாக்கில் அடிவாரத்து ஊரான தங்மார்க் வரும். அங்கிருந்து மேலே 13 கிலோமீட்டர். பனிக்காலத்தில் டயருக்குச் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏற முடியும் என்பதால் பெரும்பாலும் வண்டி மாற வேண்டியிருக்கும். அங்கேயே கம்பூட், ஓவர்கோட் வாடகைக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மேலே போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. கோண்டோலா என்று எல்லோரும் சொல்கிற ரோப்காருக்கு வரிசை. அது முடிந்து இறங்கி வந்தால் சாப்பாடு. நாலு மணிக்கு டிரைவர் ஹாரன் அடிக்கத் தொடங்குவார், இருட்டுமுன் சங்கிலிப் பாதையை இறங்க வேண்டும் என்று. நடுவில் கிடைக்கிற அரை மணி நேரத்தில் ஒருவர் வந்து பிள்ளைக்கு ஸ்கீ மாட்டி, இரண்டு கையையும் பிடித்து இருபதடி இழுத்துப்போவார். போட்டோ நன்றாக வரும். உங்கள் மகன் மட்டும், "அவ்வளவுதானாம்மா?" என்று கேட்பான். இப்படித் திரும்பி வந்த பிள்ளைகளின் முகத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டு வருட ஆசையை அரை மணி நேரத்தில் முடித்துவைக்காதீர்கள்.

அடுத்தது தேதி. டிசம்பர் கடைசி வாரத்தில் கூட்டம் நிச்சயம், பனி நிச்சயமில்லை. காஷ்மீரில் டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரை சில்லாய் கலான் என்கிறார்கள். நீங்கள் போகும் தேதி அதன் தொடக்கம்தான். நல்ல பனி சேர்ந்து கிடப்பது பெரும்பாலும் ஜனவரி பின்பாதியிலிருந்து பிப்ரவரி முழுக்க. அதுவும் இப்போது முன்போல் இல்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் மைதானம் பழுப்புப் புல்லாகக் காய்ந்து கிடந்தது, மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது. 2025-ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் போட்டிகளையே பனி போதாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். ஆகவே எந்தத் தேதிக்கும் உத்தரவாதம் தர முடியாது. வாய்ப்பு அதிகமுள்ள தேதியைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான்.

உங்களுக்கு நான் சொல்வது ஜனவரி 23-லிருந்து 30 வரை. பொங்கலை வீட்டில் கொண்டாடிவிட்டுக் கிளம்பலாம். சனி, ஞாயிறு, குடியரசு தினம் எல்லாம் சேர்ந்து வருவதால் பள்ளிக்கூட லீவு நான்கைந்து நாளுக்கு மேல் ஆகாது. மகள் ஒன்பதாவதுதான், அடுத்த வருடம் பொதுத்தேர்வு வந்துவிட்டால் இது முடியாது. 26-ம் தேதி ஸ்ரீநகரில் சோதனைகள் கடுமையாக இருக்கும். அன்று குல்மார்க்கில் இருப்பதுபோல் அமைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலும் விமானமும் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற வகையில் இருக்கட்டும், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது குல்மார்க் ஹோட்டலுக்கே போன் செய்து, "இன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே பனி எவ்வளவு இருக்கிறது, ஒரு போட்டோ அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அனுப்புவார்கள்.

முதல் இரண்டு இரவு ஸ்ரீநகர். அந்த ஊரே 1,585 மீட்டர் உயரம், கொடைக்கானலை விடத் தாழ்வுதான். பயணக் களைப்பு தீர, உடம்பு குளிருக்குப் பழக அந்த முழு நாள் வேண்டும். தால் ஏரியில் ஒரு ஷிகாரா படகுச் சவாரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு நான்கு இரவு குல்மார்க். கடைசி இரவு மறுபடி ஸ்ரீநகர். அந்தக் கடைசி இரவை வீண் என்று நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் பனிமூட்டம், பனிப்பொழிவு காரணமாக ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாவது சாதாரணம், மலைப்பாதையும் சில மணி நேரம் அடைபடும். விமானத்தன்று காலையில் குல்மார்க்கிலிருந்து இறங்கும் திட்டம் யாருக்குமே சரிவராது.

ஸ்கீ விஷயத்துக்கு வருகிறேன். குல்மார்க்கில் ஊருக்கு நடுவே ஒரு பெரிய கிண்ணம்போல் மைதானம் இருக்கிறது. கோடையில் கோல்ஃப் ஆடுகிற இடம். குளிர்காலத்தில் அதன் இளஞ்சரிவுகளில்தான் புதியவர்கள் கற்றுக்கொள்வார்கள். 1927-ல் ஆங்கிலேயர்கள் இங்கே ஸ்கீ கிளப் தொடங்கிய காலத்திலிருந்தே சறுக்கு ஊராக இருப்பதால், தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றுலாத் துறையில் பதிவு பெற்ற பயிற்சியாளரா என்று அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ஹோட்டல் மூலமாகவே முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டால் நல்லது. மூன்று காலைகளுக்கு, ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம், மகளுக்கும் மகனுக்கும் ஒரே ஆள். பஹல்காம், சோன்மார்க் கார் வாடகையில் மிச்சமாகும் பணம் இதற்குப் போகட்டும்.

வாடகைக் கடையில் அவசரப்படாதீர்கள், பாதி வெற்றி அங்கேதான் இருக்கிறது. ஸ்கீ பூட்ஸ் பிளாஸ்டிக் கூடுபோல் கெட்டியாக இருக்கும். உள்ளே ஒரே ஒரு கம்பளி சாக்ஸ்தான் போட வேண்டும். குளிருமே என்று இரண்டு மூன்று போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் விறைக்கும். நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் விரல் பின்வாங்கி இடம் கிடைக்க வேண்டும். குதிகால் தூக்கிக்கொண்டு வந்தால் பெரிய அளவு, மாற்றச் சொல்லுங்கள். பூட்ஸையும் ஸ்கீயையும் சேர்க்கும் பூட்டு ஒன்று உண்டு. விழும்போது அது தானாகக் கழன்றுகொண்டால்தான் முழங்கால் தப்பும். அது எவ்வளவு இறுக்கத்தில் கழல வேண்டும் என்பது பிள்ளையின் எடையையும் உயரத்தையும் பொறுத்தது. கடைக்காரர் எடையைக் கேட்டு ஸ்க்ரூ டிரைவரால் திருப்பி வைக்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: "பையன் 22 கிலோ, அதற்குத் தகுந்த மாதிரி வையுங்கள்." ஹெல்மெட் இல்லாமல் எந்தப் பிள்ளையும் சரிவில் கால் வைக்கக் கூடாது. கடையில் இல்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள்.

முதல் நாள் காலை முழுக்க விழுவதும் எழுவதுமாகத்தான் போகும். பக்கவாட்டில் விழப் பழக்குவார்கள். லிஃப்ட் இல்லாமல், நண்டுபோல் பக்கவாட்டில் அடி வைத்துச் சரிவு ஏறச் சொல்வார்கள். மகனுக்கு அழுகை வரலாம். மகள் கோபப்படலாம். அன்று மதியம் யாரையும் மறுபடி சரிவுக்கு இழுக்காமல் சாப்பிட்டுத் தூங்கவிடுங்கள். இரண்டாம் நாள், இரண்டு ஸ்கீயின் முன்நுனிகளையும் நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, பீட்சாத் துண்டு வடிவத்தில் வைத்து நிறுத்தக் கற்றுக்கொள்வார்கள். தன்னால் நிற்க முடிகிறது என்று தெரிந்த நொடியில் பிள்ளையின் பயம் போய்விடும். அதற்குப் பிறகுதான் அது விளையாட்டு. மூன்றாம் நாள் சின்ன இழுவை லிஃப்டில் ஏறித் தானாக இறங்கி வருவார்கள். ஏழு வயதுக்காரன் அக்காவை முந்தினாலும் ஆச்சரியமில்லை. சின்னப் பிள்ளைகளுக்குத் தரை கிட்டத்தில் இருக்கிறது, விழுவதற்கு யோசிக்க மாட்டார்கள். இந்த மூன்று காலைகளுக்காகத்தான் நான்கு இரவு தங்கச் சொன்னேன்.

கோண்டோலாவில் இரண்டு கட்டம். முதலாவது சுமார் 3,080 மீட்டர் உயரத்திலுள்ள கோங்டூரி வரை. இரண்டாவது அங்கிருந்து அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை. டிக்கெட்டை கேபிள் கார் கழகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்க வேண்டாம். காற்று பலமாக அடித்தால் மேல்கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். நான்கு நாள் தங்குகிறவர்களுக்கு மறுநாள் இருக்கிறது. உங்கள் கணவரும் மகளும் தெளிந்த காலையில் மேலே போய்ப் பார்த்துவிட்டு அதே கோண்டோலாவில் இறங்கட்டும். மேலேயிருந்து சறுக்கிக்கொண்டு வரலாம் என்று யாராவது ஆசை காட்டினால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அஃபர்வத் சரிவுகளில் 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர் இருவரும், 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யரும் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார்கள்.

இனி அத்தை. "நீங்க போயிட்டு வாங்க" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், உங்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாதே என்று சொல்கிறார்கள் என்றுதான் எனக்குப் படும். குல்மார்க்கின் உயரம் சுமார் 2,650 மீட்டர். நம் ஊட்டி தொட்டபெட்டா 2,637. ஆக உயரம் அவ்வளவு அந்நியமானதல்ல. ஆனால் தொட்டபெட்டாவில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு இறங்கிவிடுகிறோம். இங்கே இரவு தூங்க வேண்டும், அதுவும் மைனஸ் 8, மைனஸ் 10 குளிரில். குளிர் ரத்த அழுத்தத்தை ஏற்றும். அதனால் விமான டிக்கெட்டுக்கு முன்னால் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் போங்கள். "2,650 மீட்டரில் நான்கு இரவு, இரவில் மைனஸ் 10" என்று கணக்கோடு சொல்லுங்கள். இதயத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உயரமான இடங்களில் காற்று மெலிந்திருப்பதால் வரும் உயர நோய்க்கு மாத்திரை வேண்டுமா, இப்போது சாப்பிடும் மாத்திரைகளோடு அது ஒத்துப்போகுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சரி என்றால் தைரியமாகக் கூட்டிப்போங்கள். கோங்டூரி வரை போவதுகூட, இரண்டு நாள் தங்கி மூச்சிரைப்போ தலைவலியோ இல்லை என்று பார்த்த பிறகுதான். மேல்கட்டம் அவருக்கு வேண்டவே வேண்டாம். ஊரில் சின்ன அரசு மருத்துவ நிலையம்தான் உண்டு, பெரிய சிகிச்சைக்கு ஸ்ரீநகர்தான் இறங்க வேண்டும். தலைவலியோடு வாந்தியோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ வந்தால், காலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்காமல் கீழே இறக்கிவிடுங்கள்.

இன்சுலின் உறைந்துவிட்டால் பிறகு உருகினாலும் போடக் கூடாது. செக்-இன் பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே கொண்டுபோங்கள். வெளியே போகும்போது உடம்புச் சூடு படும் உள்பாக்கெட்டில் இருக்கட்டும். ஹோட்டலில் ஜன்னல் ஓரம் வைத்தால் ராத்திரியில் உறைந்துவிடும். சர்க்கரை பார்க்கும் மெஷினும் ஸ்ட்ரிப்பும் கடும் குளிரில் தப்பாகக் காட்டும், அறைக்குள் சூடான பிறகு பாருங்கள்.

ஒன்றை என் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் நான் கூட்டிப்போன ஒரு குழுவில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் ஒருவர், ஹீட்டருக்கு முன்னால் கால் நீட்டியபடி நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். காலையில் சாக்ஸைக் கழற்றினால் கட்டைவிரல் ஓரம் ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். அவருக்கு வலியே தெரியவில்லை. முன்னாடியே எச்சரிக்காதது என் தவறு. அன்றிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லி வருகிறேன். சர்க்கரை உள்ளவர்கள் பலரின் பாதத்துக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. மின்சாரப் போர்வையைப் படுக்கும் முன் போட்டுச் சூடாக்கிவிட்டு, படுத்ததும் அணைத்துவிடுங்கள். வெந்நீர்ப் பை, காங்கிரி எனப்படும் கரிச்சட்டி எதுவும் காலருகே வேண்டாம். தினமும் இரவு நீங்களோ மகளோ அவர் பாதத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூடிய அறைக்குள் கரி நெருப்பு யாருக்குமே ஆகாது, நச்சுப்புகை வாசனை இல்லாமல் ஆளை மயக்கிவிடும்.

துணிமணி பற்றி: ஜீன்ஸையும் பருத்தித் துணியையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பனியில் நனைந்த பருத்தி காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்பை ஒட்டி தெர்மல், அதன்மேல் கம்பளியோ ஃப்ளீஸோ, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் புகாத கோட்டு, பேன்ட். அத்தை சேலைதான் கட்டுவார் என்றால் உள்ளே தெர்மல் போட்டு, அறைக்குள் சேலை கட்டிக்கொள்ளட்டும். வெளியே போகும்போது மட்டும் பேன்ட் போடச் சம்மதிக்க வையுங்கள், ஈரமான கொசுவம் காலில் சுற்றினால் விழுந்துவிடுவார். வழுக்கலுக்கு, ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை கிடைக்கிறது, அவருக்கு ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். பனியில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைக் கடுமையாகத் தாக்கும், ஐந்து பேருக்கும் கூலிங் கிளாஸ் கட்டாயம். நம் நிறத்துக்கு வெயில் என்ன செய்யும் என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். மூக்கும் உதடும் தோலுரிந்து திரும்பியவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான் அதிகம்.

சாப்பாடு கவலையே இல்லை. காஷ்மீரிகள் நம்மைப்போல் சோறு சாப்பிடுகிறவர்கள். ஹாக் என்ற கீரையும் தாமரைத்தண்டுப் பொரியலும் சோற்றோடு நன்றாகச் சேரும். கடுகெண்ணெய் வாசம் பிடிக்காவிட்டால் வேறு எண்ணெயில் செய்யச் சொல்லலாம். கஹ்வா டீயை அத்தைக்குச் சர்க்கரை போடாமல் கேளுங்கள்.

உங்கள் போன் ப்ரீபெய்டாக இருந்தால் அங்கே எடுக்காது, ஒரு போஸ்ட்பெய்டு இணைப்பாவது இருக்கட்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது பனிச்சறுக்குக் காயத்துக்கும் பொருந்துமா என்று கேளுங்கள், சாகச விளையாட்டு என்று விலக்கிவைத்திருப்பார்கள். பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் மீது நடந்த பயங்கரவாதத் தாக்குதலை யாரும் மறக்கவில்லை. இனி எதுவும் நடக்காது என்று நான் மட்டுமல்ல, எந்த ஏஜென்டும் உறுதி தர முடியாது. அரசு அறிவிப்புகளைக் கிளம்பும் வாரம் வரை பாருங்கள். மனம் ஒப்பவில்லையென்றால் ரத்து செய்துவிடுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திரத்தைப் பார்க்காமல் நான்கு கேள்வி கேளுங்கள். ராத்திரி முழுக்க அறையில் வெப்பம் இருக்குமா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, வெந்நீர் எந்த நேரமெல்லாம் வரும், வாசலிலிருந்து அறைக்கு எத்தனை படி? பிறகு, அந்தக் கிண்ண மைதானத்தைப் பார்த்தாற்போல் ஜன்னல் உள்ள தரைத்தள அறையாக ஒன்று அத்தைக்குக் கேட்டு, எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுவிட்டால், காலையில் பேரனும் பேத்தியும் விழுவதையும் எழுவதையும் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பார். பையனுக்குச் சிவப்போ மஞ்சளோ, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் கோட்டு எடுங்கள், வெள்ளைப் பனியில் பாட்டிக்கு அவனைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருக்கும்.